ஓவர்கிளாக் செய்தும் வேகம் வரவில்லையா? பிரேக் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் வழி

சிப்பை அதன் இயல்பான வேகத்துக்கு மேல் ஓட்டுவதுதான் ஓவர்கிளாக். பயாஸில் (மதர்போர்டின் அமைப்புத் திரை) பெருக்கியை 50 என்று வைத்துக் கணினியை ஆன் செய்தால் 5 கிகாஹெர்ட்ஸ் காட்டுகிறது. ஆனாலும் கேம் நடுநடுவே திக்குகிறது. வீடியோ ரெண்டர் ஆவதற்கு முன்பைவிடக் கூடுதல் நேரம் பிடிக்கிறது. புதிதாக ஓவர்கிளாக் செய்பவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் வோல்டேஜைக் கூட்டிப் பார்ப்பார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். காரணம் தெரியாமல் கூட்டிய வோல்டேஜ் சூட்டைத்தான் கூட்டும். சூடு ஏறினால் வேகம் இன்னும் இறங்கும்.

திரையில் தெரியும் கிளாக் எண் நாம் சிப்பிடம் கேட்ட வேகம். சிப் செய்து முடிக்கும் வேலை தனிக் கணக்கு. இரண்டுக்கும் நடுவே சூடு, மின்சார வரம்பு, ரேம் பிழை, விண்டோஸ் பவர் பிளான் என்று ஏதாவது ஒன்று பிரேக்கை மிதித்துக்கொண்டிருக்கும். எது மிதிக்கிறது என்று தெரிந்துவிட்டால், சரிசெய்வது பெரும்பாலும் 10 நிமிட வேலை.

முதலில் அடிப்படை அளவு

எதையும் திருத்துவதற்கு முன், ஓவர்கிளாக் இல்லாதபோது உங்கள் கணினி எவ்வளவு வேலை செய்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். இதைச் செய்யாமல் ‘மெதுவாகிவிட்டது’ என்று சொல்வதில் பொருளே இல்லை.

1. பயாஸில் நீங்கள் மாற்றிய ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். புரொஃபைலாகச் சேமித்திருந்தாலும் படம் வேண்டும். பயாஸ் அப்டேட் செய்தால் பழைய புரொஃபைல்கள் பெரும்பாலும் வேலைக்கு ஆகாது.
2. ‘லோட் ஆப்டிமைஸ்டு டிஃபால்ட்ஸ்’ கொடுத்துச் சேமித்து வெளியே வாருங்கள்.
3. விண்டோஸ் வந்ததும் 5 நிமிடம் சும்மா விடுங்கள். பின்னணியில் அப்டேட்டும் வைரஸ் ஸ்கேனும் ஓடிக்கொண்டிருந்தால் எந்த அளவும் சரியாக வராது.
4. வேகத்தையும் வெப்பத்தையும் காட்டும் ஹெச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளைச் சென்சார் பக்கத்தோடு மட்டும் திறந்து வைத்துக்கொண்டு, சினிபெஞ்ச் ஆர்23 என்ற வேகச் சோதனை மென்பொருளின் 10 நிமிட மல்டி கோர் சோதனையை 3 முறை ஓட்டுங்கள். சிங்கிள் கோர் சோதனையை ஒரு முறை ஓட்டினால் போதும்.
5. மதிப்பெண், அதிகபட்ச வெப்பம், பிராசசர் இழுத்த வாட், அறையின் வெப்பநிலை நான்கையும் குறித்து வையுங்கள்.

பிறகு ஓவர்கிளாக்கைத் திரும்பப் போட்டு அதே சோதனையை அதே வரிசையில் ஓட்டுங்கள். 1 முதல் 2 சதவீத வித்தியாசம் ஓட்டத்துக்கு ஓட்டம் வருவதுதான், அதைத் துரத்த வேண்டாம். அதற்கு மேல் குறைந்திருந்தால் தேட வேண்டியது நிச்சயமாக ஏதோ இருக்கிறது.

சிங்கிள் கோரைத் தனியாக அளக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இன்றைய பிராசசர்கள் வேலை குறைவாக இருக்கும்போது ஓரிரு கோர்களைத் தாமாகவே உச்ச வேகத்துக்கு ஏற்றிக்கொள்கின்றன. ஏஎம்டி-யின் ரைசன் 9 5950எக்ஸ் ஒற்றைக் கோரில் 4.9 கிகாஹெர்ட்ஸ் வரை போகக்கூடியது. அதில் எல்லாக் கோர்களையும் 4.5-இல் பூட்டினால் மல்டி கோர் மதிப்பெண் ஏறும், சிங்கிள் கோர் ஏறத்தாழ 8 சதவீதம் இறங்கும். பல கேம்கள் ஒன்றிரண்டு கோர்களையே அதிகம் நம்பி ஓடுபவை. ‘ஓவர்கிளாக் செய்தபின் கேம் மெதுவாகிவிட்டது’ என்ற புகார்களில் கணிசமானவை இந்த வகைதான். இப்படிப்பட்ட சிப்பில் நிலையான பெருக்கியை எடுத்துவிட்டு, பிரிசிஷன் பூஸ்ட் ஓவர்டிரைவும் (தானியங்கி வேக உயர்வின் வரம்பைத் தளர்த்துவது) கர்வ் ஆப்டிமைசரும் (கோர் வாரியாக வோல்டேஜைத் திருத்துவது) வழியாகப் போவதே நல்லது.

எண்ணைச் சரியாகப் படியுங்கள்

பாதிப் பிரச்சினைகள் பிரச்சினையே இல்லை என்று தெரிவது இங்கேதான்.

கோர் வேகம் என்பது பேஸ் கிளாக்கைப் பெருக்கியால் பெருக்கிய தொகை. 100 மெகாஹெர்ட்ஸ் × 50 = 5000. உங்கள் திரையில் 4990 என்று வந்தால் பேஸ் கிளாக் 99.8-இல் நிற்கிறது என்று பொருள். மின்காந்தக் குறுக்கீட்டைக் குறைக்க ‘ஸ்பிரெட் ஸ்பெக்ட்ரம்’ என்ற அமைப்பு கிளாக்கை லேசாக அசைத்துக்கொண்டே இருக்கும். அதனால் வரும் வித்தியாசம் இது. இதை ஈடுகட்டப் பேஸ் கிளாக்கைக் கூட்டாதீர்கள். பல போர்டுகளில் ரேமும் பிற இணைப்புகளும் அதே பேஸ் கிளாக்கில் தொங்குகின்றன. 2 மெகாஹெர்ட்ஸ் கூட்டியதால் எஸ்எஸ்டி காணாமல் போவதும் நடக்கும்.

சும்மா இருக்கும்போது 800 மெகாஹெர்ட்ஸ், 1200 மெகாஹெர்ட்ஸ் என்று காட்டுவதும் கோளாறு இல்லை. வேலை இல்லாத நேரத்தில் சிப் இறங்கி ஓய்வெடுக்கிறது. சுமை கொடுத்த நொடியில் ஏறுகிறதா என்று மட்டும் பாருங்கள். ஏறவில்லை என்றால் பழைய கன்ட்ரோல் பேனலில் பவர் பிளானைத் திறந்து, ‘மேக்சிமம் பிராசசர் ஸ்டேட்’ எவ்வளவு என்று பாருங்கள். அங்கே 99 இருந்தாலே டர்போ நின்றுவிடும். ஒரு சதவீதம்தானே குறைந்திருக்கிறது என்று தோன்றும். ஆனால் சிப் அடிப்படை வேகத்தைத் தாண்டவே தாண்டாது. அதை 100 ஆக்குங்கள். ‘மினிமம்’ 5 சதவீதத்திலேயே இருக்கட்டும்.

ரேமில் இன்னொரு குழப்பம். டிடிஆர்5-6000 வாங்கியவர் சிபியூ-இசட் மென்பொருளில் 3000 மெகாஹெர்ட்ஸ் என்று பார்த்து, பாதி வேகம்தான் ஓடுகிறது என்று பதறுவார். டிடிஆர் வகை ரேம் ஒரு கிளாக்குக்கு இரண்டு முறை தகவல் அனுப்புகிறது. 3000-ஐ இரண்டால் பெருக்கினால் 6000, கணக்கு சரி. 2400 என்று காட்டினால்தான் கவலைப்பட வேண்டும். அப்போது ரேம் 4800 என்ற ஆரம்ப வேகத்தில் ஓடுகிறது, ரேமை அதன் முழு வேகத்துக்கு ஏற்றும் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ அமைப்பு அணைந்திருக்கிறது. பயாஸ் அப்டேட்டுக்குப் பிறகும், சிமோஸ் (பயாஸ் அமைப்புகளின் நினைவகம்) அழித்த பிறகும் இது தவறாமல் நடக்கும்.

ஹெச்டபிள்யூஇன்ஃபோவில் ‘கோர் கிளாக்’ என்று ஒரு பகுதியும் ‘எஃபெக்டிவ் கிளாக்’ என்று ஒரு பகுதியும் தனித்தனியாக இருக்கும். முதலாவது கேட்ட வேகம். இரண்டாவது, கோர் தூங்கிய நேரத்தையும் கழித்துவிட்டு உண்மையில் எத்தனை சுழற்சி ஓடியது என்ற கணக்கு. சும்மா இருக்கும்போது இரண்டாவது மிகக் குறைவாகத்தான் இருக்கும், 30 மெகாஹெர்ட்ஸ் என்றுகூட வரும். எல்லாக் கோர்களும் முழுச் சுமையில் இருக்கும்போது இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும்.

முழுச் சுமையிலும் கோர் கிளாக் 4700, எஃபெக்டிவ் கிளாக் 4450 என்று 250 மெகாஹெர்ட்ஸ் இடைவெளி இருக்கிறதா? இதற்கு ‘கிளாக் ஸ்ட்ரெச்சிங்’ என்று பெயர். ரைசன் வைத்திருப்பவர்கள் சூட்டைக் குறைக்க வோல்டேஜை மைனஸ் ஆஃப்செட்டில் இழுத்துவிடும்போது அதிகம் வரும். சுமை பாய்ந்து வோல்டேஜ் சட்டென்று சரியும் கணத்தில், கணக்குத் தவறிக் கணினி விழுந்துவிடாமல் இருக்க, சிப் தன் கிளாக்கைத் தானே நீட்டிக்கொள்கிறது. கணினி ஹேங் ஆகாது, நீலத்திரை வராது, கோர் கிளாக்கும் மாறாது. மதிப்பெண் மட்டும் குறையும். ஆஃப்செட்டை 0.0125 வோல்ட் அளவில் ஒவ்வொரு படியாகத் திரும்ப ஏற்றி, மதிப்பெண் நிமிரும் இடத்தில் நிறுத்துங்கள்.

வேகம் எப்படி விழுகிறது என்று பாருங்கள்

எவ்வளவு விழுந்தது என்பதைவிட எந்த வடிவத்தில் விழுந்தது என்பதுதான் அதிகம் சொல்லும். ஹெச்டபிள்யூஇன்ஃபோவில் லாக் பதிவை ஆன் செய்து, சினிபெஞ்சை 10 நிமிடம் ஓட்டி, பதிவை எக்செலில் திறந்து கிளாக், வாட், வெப்பம் மூன்று நெடுவரிசைகளை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

எடுத்துக்காட்டாக ஒரு பதிவு இப்படி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் 56 விநாடிகள் 5000 மெகாஹெர்ட்ஸ், 210 வாட், 84 டிகிரி. அடுத்த வரியில் 4300 மெகாஹெர்ட்ஸ், 125 வாட், வெப்பம் 68 டிகிரியை நோக்கி இறங்குகிறது. வேகம் குறைந்ததும் சூடும் இறங்கிவிட்டது, வாட் ஒரே எண்ணில் சிலைபோல நிற்கிறது. இது சூட்டினால் வந்த தடை இல்லை, மின்சார வரம்பு. இன்டெல் சிப்புகளுக்கு நீண்ட நேர வரம்பு, குறுகிய நேர வரம்பு என்று இரண்டு உண்டு. கோர் ஐ9-13900கே-யில் இவை 125, 253 வாட். குறுகிய வரம்புக்கான நேரம் தீர்ந்ததும் போர்டு முதல் வரம்புக்கு இறக்குகிறது. உங்கள் கூலரும் போர்டும் தாங்கும் என்றால் பயாஸில் நீண்ட நேர வரம்பை ஏற்றலாம். 125-இலிருந்து நேராக வரம்பே இல்லாத நிலைக்குப் போகாமல் 20 வாட் வீதம் கூட்டி, ஒவ்வொரு முறையும் வெப்பத்தைப் பாருங்கள். ஏஎம்டி-யில் இதே வேலையைப் பிபிடி (மொத்த வாட்), டிடிசி (நீடித்த மின்னோட்டம்), இடிசி (உச்ச மின்னோட்டம்) என்ற மூன்று வரம்புகள் செய்கின்றன. சென்சார் பக்கத்தில் மூன்றுக்கும் சதவீதம் காட்டும்; எது 100-ஐத் தொட்டு நிற்கிறதோ அதுதான் பிரேக்.

வேகம் ரம்பப் பல்லைப்போல ஏறி இறங்கி, வெப்பம் மட்டும் உச்சவரம்பில் ஒட்டிக்கொண்டிருந்தால் அது சூடு. இன்டெலின் சமீபத்திய டெஸ்க்டாப் சிப்புகள் பலவற்றில் அந்த உச்சவரம்பு 100 டிகிரி. ரைசன் 7000 வரிசையில் 95, அதன் 3டி கேஷ் வகைகளில் 89. ரைசன் 7000 முழுச் சுமையில் 95 வரை போய் நிற்பது அதன் வடிவமைப்பிலேயே உள்ளதுதான். அங்கே 95-ஐப் பார்த்துப் பயப்படாமல், அந்த வெப்பத்தில் எந்தக் கிளாக் கிடைக்கிறது என்று பாருங்கள்.

7, 8 நிமிடம் நன்றாக ஓடிவிட்டு, பிராசசர் வெப்பம் 75 டிகிரியில் இருக்கும்போதே வேகம் தடாலென்று விழுந்தால் விஆர்எம் மேல் சந்தேகப்படுங்கள். பிராசசருக்கு மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் பகுதி அது. சாக்கெட்டின் இடப்பக்கமும் மேல்பக்கமும் வரிசையாக இருக்கும். மலிவான போர்டுகளில் அதன்மேல் ஹீட்சிங்க்கூட இருக்காது. சோதிப்பது எளிது: கேபினட்டின் பக்கக் கதவைக் கழற்றிவிட்டு, ஒரு ஃபேனை அந்தப் பகுதியைப் பார்த்து ஊதவிட்டு, அதே 10 நிமிடச் சோதனையை ஓட்டுங்கள். வீழ்ச்சி மறைந்தால் குற்றவாளி அதுவே. தண்ணீர்க் கூலர் வைத்தவர்களுக்கு இந்தத் தொல்லை கூடுதல், ஏனென்றால் சாக்கெட்டைச் சுற்றிக் காற்றே வீசுவதில்லை.

கடைசி வடிவம் விசித்திரமானது. கணினி ஆன் செய்த நொடியிலிருந்தே 400 அல்லது 800 மெகாஹெர்ட்ஸ், 40 டிகிரி, சுமை கொடுத்தாலும் அசைவதில்லை. இது ‘பிராக்ஹாட்’ சமிக்ஞை சிக்கிக்கொண்டதன் அடையாளம். சூடு அதிகம் என்று போர்டில் ஏதோ ஒரு பகுதி பிராசசருக்குப் பொய் சொல்கிறது. ஹெச்டபிள்யூஇன்ஃபோவில் ‘பிராக்ஹாட் எக்ஸ்ட்’ என்பதற்கு நேரே ‘யெஸ்’ இருக்கும். விண்டோஸ் ஈவென்ட் வியூவரில் கெர்னல்-பிராசசர்-பவர் என்ற பெயரில் 37-ஆம் எண் பதிவும் வரக்கூடும். ஷட்டவுன் செய்து, பவர் சப்ளையின் பின் சுவிட்சை அணைத்து, பவர் பட்டனை 10 விநாடி அழுத்திப் பிடித்து, மீதமிருக்கும் மின்சாரத்தை வடியவிடுங்கள். பிறகும் வந்தால் பிராசசருக்கான 8 பின் கனெக்டர் க்ளிக் என்று பூட்டும்வரை உள்ளே போயிருக்கிறதா என்று பாருங்கள், பயாஸை அப்டேட் செய்யுங்கள். அதற்கும் மசியாவிட்டால் போர்டோ பவர் சப்ளையோ பழுது.

சூடு என்று தெரிந்தால்

கூலர் மாற்ற ஓடுவதற்கு முன் கழற்றிப் பாருங்கள். கூலரின் அடிப்பகுதியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாள் உரிக்கப்படாமலே மாட்டப்பட்டிருப்பதை நம்ப மாட்டீர்கள், அடிக்கடி நடக்கிறது. பழைய பேஸ்டில் ஒரு மூலை தடிமனாகவும் எதிர்மூலை மெல்லியதாகவும் இருந்தால் ஸ்குரூக்கள் சமமாக இறுகவில்லை. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் இரு பக்கமும் துடைத்து, நடுவில் பட்டாணி அளவு வைத்து, ஸ்குரூக்களைக் குறுக்கு மூலைகளாக இரண்டிரண்டு சுற்று மாறி மாறி இறுக்குங்கள். தண்ணீர்க் கூலராக இருந்தால் பம்பின் வயர் எந்த ஹெடரில் இருக்கிறது என்று பாருங்கள். சாதாரண ஃபேன் ஹெடரில் செருகினால், வெப்பத்தைப் பொறுத்துச் சுழலும் ஃபேன் கணக்கில் பம்பும் பாதி வேகத்தில் ஓடும். பம்ப் ஹெடருக்கு மாற்றுங்கள், அல்லது அந்த ஹெடரை 100 சதவீதத்தில் பூட்டுங்கள்.

அடுத்தது வோல்டேஜ். இங்கே ஒரு சின்னக் கணக்கு போட்டால் கை தானாகவே வோல்டேஜைக் குறைக்கும். சிப்பின் சூடு தோராயமாக வோல்டேஜின் வர்க்கத்தோடும் கிளாக்கோடும் ஏறுகிறது. 1.35 வோல்ட்டை 1.25 ஆக்கினால் வர்க்கக் கணக்கில் ஏறக்குறைய 14 சதவீதச் சூடு குறைகிறது. அதற்காக 5000-இலிருந்து 4900 மெகாஹெர்ட்ஸுக்கு இறங்க வேண்டி வந்தாலும் இழப்பு வெறும் 2 சதவீதம். சூட்டில் அடிபட்டு 4600-க்கும் 5000-க்கும் நடுவே ஆடும் சிப்பைவிட, 4900-இல் அசையாமல் நிற்கும் சிப் அதிக வேலை செய்யும். கடைசி 100 மெகாஹெர்ட்ஸுக்காகப் பிடிவாதம் பிடிப்பதில் எங்களுக்கு உடன்பாடில்லை.

வோல்டேஜ் சரிவு

பயாஸில் 1.30 வைத்தால் முழுச் சுமையில் 1.22 என்று காட்டலாம். இந்தச் சரிவு வேண்டுமென்றே வைக்கப்பட்டது. சுமை சட்டென்று விலகும்போது வோல்டேஜ் எகிறிக் குதிக்காமல் இருக்க அது உதவுகிறது. சரிவு அதிகமாகிக் கணினி விழுகிறது என்றால் ‘லோட் லைன் கேலிப்ரேஷன்’ மூலம் நடுத்தர அளவுக்குத் திருத்துங்கள். உச்ச அளவு வேண்டாம். மீட்டரில் சரிவே தெரியாது, ஆனால் சுமை விலகும் மைக்ரோவிநாடிகளில் வோல்டேஜ் நீங்கள் வைத்ததைத் தாண்டிப் பாயும், அதை எந்த மென்பொருளும் காட்டாது. இன்னொரு பொறி இருக்கிறது: எண்களின் திசை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஏசஸ் போர்டுகளில் எண் கூடக் கூடத் திருத்தம் வலுக்கும். எம்எஸ்ஐ, ஏஎஸ்ராக் போர்டுகளில் 1 தான் மிக வலுவானது. ஒரு போர்டுக்குச் சொன்ன எண்ணை இன்னொன்றில் அப்படியே போடாதீர்கள்.

முழுச் சுமையில் ஒரு மணி நேரம் தாங்கிவிட்டு, சும்மா இருக்கும்போது திடீரென்று ரீஸ்டார்ட் ஆகிறதா? கர்வ் ஆப்டிமைசரில் மைனஸ் எண்ணைக் கூடுதலாகக் கொடுத்த ரைசனில் இது வழக்கமான நோய். சுமை குறைவாக இருக்கும்போதுதான் ஒற்றைக் கோர் உச்ச வேகத்துக்குத் தாவுகிறது, அங்கேதான் வோல்டேஜ் போதாமல் போகிறது. ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் பதிவுகளைத் திறந்து, வன்பொருள் பிழைகளைப் பதியும் டபிள்யூஹெச்ஈஏ-லாகர் பெயரில் 18-ஆம் எண்ணைத் தேடுங்கள். அதில் ‘பிராசசர் ஏபிஐசி ஐடி’ என்று ஓர் எண் இருக்கும். 8 கோர் 16 திரெட் ரைசனில் அதை இரண்டால் வகுத்து மீதியை விட்டுவிட்டால் கோர் எண் வரும். 6 அல்லது 7 என்றிருந்தால் கோர் 3; எண்ணிக்கை 0-வில் தொடங்குவதால் அது நான்காவது கோர். அந்த ஒரு கோருக்கு மட்டும் மைனஸ் 25-ஐ மைனஸ் 20 ஆக்கினால் போதும். கோர்களை ஒவ்வொன்றாகச் சோதிக்க கோர்சைக்ளர் என்ற கருவியை இரவு முழுக்க ஓடவிடலாம்.

ரேம்: சத்தமில்லாமல் கெடுக்கும் இடம்

பிராசசர் ஓவர்கிளாக் தவறினால் கணினி விழும், உடனே தெரிந்துவிடும். ரேம் தவறினால் கோப்பு ஒன்று கெட்டு, ஒரு வாரம் கழித்துத் திறக்கும்போதுதான் தெரியும். அதனால் இதில் அவசரம் கூடாது. முக்கியமான கோப்புகளுக்கு நகல் எடுத்துவைக்காமல் ரேமைத் தொடவும் கூடாது.

இரண்டு ரேம் என்றால், நான்கு ஸ்லாட் உள்ள பெரும்பாலான போர்டுகளில் அவை பிராசசரிலிருந்து எண்ணினால் 2-ஆவது, 4-ஆவது இடங்களில் இருக்க வேண்டும். 1, 2 என்று பக்கத்துப் பக்கத்து ஸ்லாட்டில் இரண்டையும் போட்டால் ஒற்றைச் சேனலில் ஓடி, தகவல் பாதை பாதியாகும். சிபியூ-இசட்டின் மெமரி பக்கத்தில் சேனல் விவரம் இருக்கிறது. நான்கு ஸ்லாட்டையும் நிரப்பிவிட்டு டிடிஆர்5-6000 ஓடவில்லை என்று வருந்துவதிலும் பயனில்லை. நான்கு டிடிஆர்5 மாட்டினால் ரைசன் 7000-க்கு ஏஎம்டி சொல்லும் வேகமே 3600 தான்.

வேகத்தைக் கூட்டியதும் மதிப்பெண் இறங்கினால் கிளாக் விகிதத்தைப் பாருங்கள். ரைசன் 5000-இல் டிடிஆர்4-3600 என்றால் ரேம் கிளாக் 1800, சிப்பின் பகுதிகளை இணைக்கும் இன்ஃபினிட்டி ஃபேப்ரிக் 1800, மெமரி கன்ட்ரோலர் 1800. மூன்றும் கைகோர்த்து நடக்கும். 4000 வைத்துப் பார்த்தால், ‘ஆட்டோ’வில் விட்ட பல போர்டுகள் கன்ட்ரோலரைப் பாதியாக்கிவிடும். தகவல் பாதை அகலமானாலும் காத்திருக்கும் நேரம் கூடி, கேம் மெதுவாகும். ரைசன் 7000-இல் 6000 வரை ரேமும் கன்ட்ரோலரும் ஒன்றுக்கு ஒன்றாக நடப்பது வழக்கம். இன்டெலில் இதன் பெயர் கியர் 1 (ஒன்றுக்கு ஒன்று), கியர் 2 (கன்ட்ரோலர் பாதி வேகம்). டிடிஆர்4-இல் கியர் 1-ஐ விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள்.

பிழை இருந்தும் ஓடிக்கொண்டே இருப்பதும் உண்டு. டிடிஆர்5 சிப்புக்குள்ளேயே சிறு பிழைகளைத் திருத்திக்கொள்ளும் அமைப்பு இருக்கிறது. ஆனால் ரேமுக்கும் பிராசசருக்கும் நடுவே வழியில் கெடும் தகவலை அது பார்ப்பதில்லை. ஃபேப்ரிக் கிளாக்கை வரம்பில் ஓட்டும் ரைசனில் ஈவென்ட் வியூவரில் அதே டபிள்யூஹெச்ஈஏ-லாகரின் 19-ஆம் எண் பதிவுகள் வரிசையாக விழும். ‘திருத்தப்பட்ட பிழை’ என்று பணிவாகச் சொல்லும், கணினியும் ஓடும். ஒவ்வொரு திருத்தமும் நேரத்தைத் தின்னும். கேமில் தெரியும் திக்கலும் ஒலியில் வரும் படபடப்பும் அதுவாக இருக்கலாம். ஃபேப்ரிக்கை 1900-இலிருந்து 1867 அல்லது 1800-க்கு இறக்குங்கள்.

சோதிக்கும் முறை இது. முதலில் மெம்டெஸ்ட்86-ஐ பென் டிரைவிலிருந்து பூட் செய்து 4 சுற்று. பிறகு விண்டோஸுக்குள் டெஸ்ட்மெம்5 அல்லது ஓசிசிடி-யின் மெமரி சோதனை. ஒரே ஒரு பிழை வந்தாலும் தோல்விதான். ‘ஒன்றுதானே’ என்று விடக் கூடாது. பிழை வந்தால் ரேமை ஒவ்வொன்றாக மாட்டி அதே ஸ்லாட்டில் சோதியுங்கள். தனித்தனியே தேறி, சேர்ந்தால் தவறினால் ரேம் நல்லதுதான், கேட்ட வேகம் அதிகம். சோதனை தொடங்கி 30, 40 நிமிடம் கழித்தே பிழை வருகிறது என்றால் ரேமின் வெப்பத்தைப் பாருங்கள். டிடிஆர்5-இல் இறுக்கமான டைமிங் வைத்தால் 55 டிகிரிக்கு மேல் தடுமாறுவது உண்டு. ஒரு ஃபேனின் காற்றைத் திருப்பிவிட்டாலே சரியாகும்.

ரைசன் 7000 மாட்டும் ஏஎம்5 போர்டில், மெமரி கன்ட்ரோலருக்குப் போகும் எஸ்ஓசி வோல்டேஜ் 1.30-ஐத் தாண்டக் கூடாது. 2023-இல் சில ரைசன் 7000 சிப்புகள் கருகிய பிறகு, ஏஎம்டி பயாஸ் வழியாகவே அந்த எல்லையைக் கொண்டுவந்தது. அதற்கு முந்தைய பயாஸோடு இருக்கும் போர்டை அப்டேட் செய்யாமல் எக்ஸ்போவை ஆன் செய்யாதீர்கள். ரேம் அமைப்பை மாற்றியதும் திரை பல நிமிடம் கறுப்பாகவே இருக்கும். போர்டு ரேமைப் பழக்கிக்கொண்டிருக்கிறது. பயந்து சுவிட்சை அணைக்காமல் 10 நிமிடமாவது பொறுங்கள்.

கிராபிக்ஸ் கார்டு

கேமில் மட்டும் வேகம் இல்லையென்றால் முதலில் மானிட்டர் வயர் கார்டில் செருகியிருக்கிறதா, மதர்போர்டில் செருகியிருக்கிறதா என்று பாருங்கள். சிரிக்க வேண்டாம், இதைப் பார்க்க 5 விநாடிதான் ஆகும். அடுத்து ஜிபியூ-இசட் மென்பொருளில் பஸ் (கார்டுக்கும் போர்டுக்கும் உள்ள இணைப்பு) விவரத்தைப் பாருங்கள். சும்மா இருக்கும்போது 1.1 என்று காட்டும். பக்கத்தில் உள்ள கேள்விக்குறியை அழுத்திச் சுமை கொடுத்தால்தான் உண்மையான எண் தெரியும். எக்ஸ்16-க்குப் பதில் எக்ஸ்4 என்று வந்தால் கார்டைக் கழற்றி மேல் ஸ்லாட்டில் மீண்டும் அழுத்தி மாட்டுங்கள்.

மெமரி கிளாக்கில் புதியவர்கள் ஏமாறுவதுபோல வேறெங்கும் ஏமாறுவதில்லை. ஜிடிடிஆர்6எக்ஸ் போன்ற மெமரிகள் பிழையைக் கண்டால் அந்தத் தகவலை மறுபடி அனுப்பச் சொல்லும். அதனால் எல்லை தாண்டினாலும் திரையில் புள்ளிகள் வராது, கார்டு விழாது. 1200 மெகாஹெர்ட்ஸ் கூட்டியும் ஓடுகிறதே என்று மகிழ்ந்துகொண்டிருப்போம், ஃப்ரேம் மட்டும் குறைந்துகொண்டே வரும். ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் 100 மெகாஹெர்ட்ஸ் வீதம் ஏற்றி, ஒவ்வொரு படியிலும் ஒரே பெஞ்ச்மார்க்கை ஓட்டி மதிப்பெண்ணை எழுதுங்கள். 600-இல் ஏறி, 700-இல் நின்று, 800-இல் இறங்கினால் 600-இல் வையுங்கள்.

நேரம் காட்டும் கடிகாரமும் தவறலாம்

தேதியும் நேரமும் பின்னுக்குப் போய்க்கொண்டே இருந்தால் மதர்போர்டின் சிஆர்2032 பேட்டரியை மீட்டரில் அளங்கள். புதியது 3 வோல்ட்டுக்குச் சற்று மேலே காட்டும், 2.8-க்குக் கீழே வந்திருந்தால் மாற்றுங்கள். இது அற்பமாகத் தோன்றினாலும் பெஞ்ச்மார்க்குக்கு நேரமே அளவுகோல். விண்டோஸ் 8-இல், விண்டோஸ் ஓடும்போதே பேஸ் கிளாக்கை மாற்றினால் கணினியின் கடிகாரமே மெதுவாகவோ வேகமாகவோ ஓடியது. மதிப்பெண்கள் பொய்யாக ஏறின. 2013-இல் ஓவர்கிளாக் மதிப்பெண்களைப் பட்டியலிடும் ஹெச்டபிள்யூபாட் தளம் விண்டோஸ் 8 மதிப்பெண்களை ஏற்க மறுத்ததற்குக் காரணம் அதுதான். மென்பொருளால் பேஸ் கிளாக்கை ஆட்டிவிட்டு அளக்காதீர்கள். பயாஸில் மாற்றி, ரீஸ்டார்ட் செய்து அளங்கள்.

ஓவர்கிளாக்கை எடுத்தும் சரியாகவில்லை என்றால்

டிஃபால்ட் நிலையிலேயே கணினி தடுமாறினால் சிப்பையே பார்க்க வேண்டும். இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்புகளில், சிப்பே மிகையான வோல்டேஜைக் கேட்டு நாளடைவில் தேய்ந்த பிரச்சினை இருந்தது. கேம் தொடங்கி ஷேடர் (கிராபிக்ஸ் நிரல்கள்) தயாராகும்போது ‘வீடியோ மெமரி போதவில்லை’ என்ற செய்தியோடு விழுவது அதன் அடையாளங்களில் ஒன்று. கிராபிக்ஸ் கார்டில் கோளாறே இருக்காது. இன்டெல் 2024 ஆகஸ்டில் 0எக்ஸ்129, செப்டம்பரில் 0எக்ஸ்12பி என்ற மைக்ரோகோடுகளை (சிப்புக்குள் ஓடும் நிரல்) பயாஸ் அப்டேட்டாக வெளியிட்டது. அவை மேலும் தேயாமல் காக்கும், தேய்ந்ததைத் திருப்பித் தராது. தேய்ந்த சிப்பை உத்தரவாதத்தில் மாற்றித்தான் ஆக வேண்டும். இந்தச் சிப்புகளுக்கான உத்தரவாதத்தை இன்டெல் 2 ஆண்டு நீட்டித்திருக்கிறது.

கணினி பூட்டே ஆகவில்லை என்றால் சிமோஸை அழியுங்கள். பவர் சப்ளை சுவிட்சை அணைத்து வயரைக் கழற்றுங்கள். பவர் பட்டனை 10 விநாடி அழுத்திப் பிடியுங்கள். போர்டில் சிமோஸ் அழிப்பதற்கென்று குறித்திருக்கும் இரண்டு பின்களை ஸ்குரூடிரைவர் முனையால் 10 விநாடி இணையுங்கள். பின் இல்லாவிட்டால் பேட்டரியைக் கழற்றி 5 நிமிடம் வெளியே வையுங்கள்.

பூட் ஆனதும் அமைப்புகளை ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பப் போடுங்கள். முதலில் ரேம், அதைச் சோதித்து முடித்தபின் பிராசசர், கடைசியில் கிராபிக்ஸ் கார்டு. ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால் எது கெடுத்தது என்று தெரியாமல் மறுபடி முதலிலிருந்து வர வேண்டியிருக்கும். எல்லாம் தேறிய பிறகு, ராத்திரி முழுக்கப் பவர் சப்ளை சுவிட்சை அணைத்து வைத்து, காலையில் குளிர்ந்த நிலையில் ஆன் செய்யுங்கள். சூடாக இருந்தபோது பழகிய ரேம் குளிரில் மறுபடி பழக மறுப்பதுண்டு. அது பூட் ஆகி, ஒரு வாரம் சாதாரணமாகப் பயன்படுத்திய பிறகும் ஈவென்ட் வியூவரில் 18, 19 எண்களில் ஒரு பதிவுகூட இல்லையென்றால், அந்த அமைப்பைப் புரொஃபைலாகச் சேமித்து, படமும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.